இரண்டாவது வரி

சம்பவத்தின்போது நூலகத்தில் இருந்தவர்கள்:

தலைமை நூலகர், தன் அறையில்.
உதவி நூலகர், புத்தகம் வழங்கும் மேசையில்.
பள்ளி வேன் ஓட்டுநர், மேசைக்கு எதிரே, நின்றபடி.
கல்லூரி மாணவிகள் இருவர், வாசிப்பு அறையில்.
பெரியவர் ஒருவர், செய்தித்தாள் பகுதியில், உறங்கியபடி.
காவலாளி, வாசலில்.
அடுக்கறையில் அம்மையாரைத் தவிர வேறு யாரும் இல்லை.

தம்பி அந்தத் தாளை மூன்றாவது முறையாகப் படித்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவனுக்கு முன்னால் நின்றிருந்த தலைமை நூலகரின் சட்டைக் கையில் மை ஒழுகியிருந்தது. அத்தான் கேட்டதால் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவை 'அம்மையார்' என்று எழுதியிருந்தது அவனுக்கு வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது.

"குடு" என்று அத்தான் தாளைப் பிடுங்கிக்கொண்டார். பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாக நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் வேலை. தாளைச் சுவரில் வைத்து, பட்டியலுக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.

"பத்து அஞ்சுக்கு உள்ள போயிருக்கா. பத்து முப்பத்தஞ்சுக்குத்தான் கதவத் திறந்திருக்காங்க. முப்பது நிமிஷம். அரை மணி நேரம் ஒருத்தி வரலேன்னா, என்ன ஏதுன்னு பாக்க மாட்டாங்களா?"

"உள்ள போனா எப்பவுமே அவங்களுக்கு அரை மணி ஆகும், சார்" என்றார் தலைமை நூலகர். "ஒரு புக்க எடுக்கப் போவாங்க, நாலு புக்க நின்னுக்கிட்டே படிச்சிட்டு வருவாங்க."

"ஏன் போனா?"

"ஏதோ ஒரு புக்கு எடுக்க."

"ஏதோ ஒரு புக்கா? என்ன புக்கு?"

தலைமை நூலகருக்குத் தெரியவில்லை. அத்தான் தாளில் ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே கேள்விக்குறி போட்டார்.

தம்பி பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுக்கொண்டான். எடுக்கவில்லை. அதில் இருப்பது அவனுக்கு மனப்பாடம். ஒன்பது நாற்பத்தெட்டு. ஒன்பது ஐம்பத்து மூன்று. பத்து ஒன்று. மூன்று அழைப்புகளும் நூலகத்தின் மேசைத் தொலைபேசியிலிருந்து. அந்த எண்ணிலிருந்து அவனை அழைப்பவள் ஒருத்திதான். மேசைக்கு வந்தால் தன் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுவாள். வாசகர்களுக்குக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டு நாமே பேசினால் எப்படி என்பாள்.

அவன் வேலை செய்வது குளிர்பதனக் கிடங்கில். இரவெல்லாம் ஒரு மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து எழுதவேண்டும். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் கைப்பேசியின் வாயை அடைத்துவிடுவான். இன்று ஒன்றேகாலுக்கு வீட்டுக்காரர் கதவை உடைக்கிற மாதிரி தட்டியபோதுதான் எழுந்தான். அதற்குள் அவள் இறந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

"நேத்து சாயங்காலம் நெஞ்ச இப்படிப் பிடிச்சிக்கிட்டு நின்னா" என்றார் அத்தான், யாரிடமும் என்றில்லாமல். "வாயுன்னா. நானும் விட்டுட்டேன்."

மருத்துவர் வந்து பின்மண்டையில் அடி என்றார். மயங்கி ஏணியிலிருந்து விழுந்தாரா, கால் தவறி விழுந்தாரா என்பதை உறுதியாகச் சொல்லமுடியாது என்றார். பார்க்கவேண்டுமானால் இருவர் மட்டும் வரலாம் என்றார்.

போனார்கள். அக்கா தூங்குவது போலெல்லாம் இல்லை. இறந்தவள் போலத்தான் இருந்தாள். கண்ணாடியைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். கொண்டையில் செருகிய பென்சில் அப்படியே இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அதன் முனை உடையவில்லை. தம்பி அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

*

மாலையில் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. உள்ளே வந்தவர்களில் பாதிப்பேரை வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் வீட்டில் யாரையும் தெரியாது. வந்தார்கள், நின்றார்கள், சுவரோரப் புத்தக அலமாரியைப் பார்த்தார்கள்.

"நீங்க?"

"நான் ஜோடி அக்காகிட்ட புக்கு எடுக்கறவன்."

அந்தப் பெயர் அத்தானுக்கே இன்றைக்குத்தான் தெரியவந்தது. தம்பிக்குத் தெரியும். அக்கா யாருக்கும் ஒற்றைப் புத்தகம் பரிந்துரைத்ததில்லை. ஒரு கதை, ஒரு நிஜம். நாவல் கேட்டு வருபவருக்கு நாவலோடு கதை இல்லாத புத்தகம் ஒன்றும் போகும். தேனீ வளர்ப்புப் புத்தகம் கேட்டு வந்தவர் ஒரு குடும்பக் கதையோடு திரும்புவார். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் இரண்டு வரி எழுதுவாள். முதல் வரி கதை, இரண்டாவது வரி நிஜம். 'ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போறது ஒத்தச் செருப்பு வாங்குற மாதிரி' என்பாள்.

அவனுக்கும் பதினோரு வருடமாகச் சீட்டு வந்துகொண்டிருந்தது. கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டு வந்த வாரத்திலிருந்து. "டிகிரியத்தான் முடிக்கல, இதையாவது முடிடா" என்பதுதான் முதல் ஜோடியோடு வந்த வாழ்த்து. அவன் முடிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாளில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போவான். அவளோ நடுவிலிருந்துதான் கேட்பாள். "அந்தப் படகு மூழ்கினதுக்கு அப்புறம் தம்பிக்காரன் பண்றது சரியா?" "சரிதான்." "படகு மூழ்கவே இல்லடா." அதற்கு மேல் திட்டமாட்டாள். அடுத்த ஜோடியை எடுத்து நீட்டுவாள்.

சமையலறையில் அக்காவின் மகள் ஏற்கெனவே கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"போதும் விடும்மா."

"வேற என்ன செய்யறது, மாமா? சொல்லுங்க, செய்யறேன்."

அவன் ஒரு துணியை எடுத்து அவள் பக்கத்தில் நின்று துடைத்தான்.

கூடத்தில் தலைமை நூலகர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, ஏணி போன வருடம்தான் வாங்கியது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். உதவி நூலகர் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் வலது கை மடியில் மூடியே இருந்தது. உள்ளே என்னவோ வைத்திருக்கிறாள் என்று பார்த்தால் சாவி.

அடுக்கறைக் கதவைப் பற்றி அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பழைய புத்தகங்கள் இருக்கும் பின்னறை அது. கதவு சும்மா சாத்தினால் நிற்காது, தானாகத் திறந்துகொண்டு ஈரக்காற்றை உள்ளே விடும். அதனால் உள்ளே போகிறவரை வைத்து வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் தட்டவேண்டும். 'புக்கோட புக்கா நம்மளையும் அடுக்கிடுவாங்க' என்று சிரித்தாள்.

"தட்டுவாங்கன்னு இருந்தேன்" என்றாள் உதவி நூலகர். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. "தட்டல."

அப்போதுதான் வேன்காரர் வந்தார். காக்கிச் சட்டை, ஐம்பது தாண்டிய முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இத யார்கிட்ட குடுக்கணும்?" என்றார். "சீல் வைக்கல. அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன். ஆம்புலன்ஸ் வந்த பதட்டத்துல கையிலயே இருந்துருச்சு. திருடிட்டேன்னு நெனச்சிரக் கூடாது."

தலைமை நூலகர் எழுந்து, "இங்க எதுக்குங்க இதெல்லாம்" என்றார்.

அத்தான் எழுந்தார். "நீங்கதான் வேன் ஓட்டுநரா? மேசைக்கு எதிர்ல நின்னது?" பையிலிருந்து தாளை எடுத்தார். "உக்காருங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. எத்தன மணிக்கு வந்தீங்க?"

வேன்காரர் உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்பதரை. பசங்கள ஸ்கூல்ல இறக்கிட்டு நேரா வந்தேன். எனக்கு ஆறு மாசமாத் தூக்கம் இல்லைங்க. வீட்டுக்காரி போனதுலேருந்து. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, போடல. காலைல இருபத்திரண்டு பசங்க என் வண்டில ஏறுதுங்க, மாத்திரை போட்டுட்டு எப்படி ஓட்டறது? எங்க சந்துல ஒரு டீச்சர், 'அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க, ஏதாவது குடுப்பாங்க'ன்னாங்க. நான் ஏதோ மருந்து குடுக்கறவங்கன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

"முழுசாக் கேட்டாங்க. எந்தப் பக்கம் படுப்பேன், விளக்க அணைப்பேனான்னு கூடக் கேட்டாங்க. அப்புறம் இதக் குடுத்தாங்க. படகு ஓட்டற அண்ணன் தம்பி கதை. 'இது முழிச்சிருக்கறதுக்கு. தூங்கறதுக்கு இன்னொண்ணு இருக்கு'ன்னாங்க. கம்ப்யூட்டரப் பாத்தாங்க. ரெண்டு இருக்கு, ஒண்ணு வெளிய போயிருக்குன்னாங்க. போன எடுத்தாங்க."

அத்தானின் பேனா நின்றது. "யாருக்கு போன்?"

"புக்கு வச்சிருக்கறவருக்கு. அடிச்சாங்க, எடுக்கல. கொஞ்ச நேரம் பேசிட்டிருந்துட்டு மறுபடி அடிச்சாங்க. மூணு தரம். 'தூங்கறாப்ல, தூங்கட்டும் பாவம்'னு வச்சிட்டாங்க. 'உள்ள பழைய பிரதி ஒண்ணு இருக்கணும், மேல் தட்டுல. இருங்க, அஞ்சு நிமிஷம்'னு போனாங்க."

தம்பிக்கு முதலில் வந்தது நிம்மதி. நெஞ்சு வலித்து அவள் அழைக்கவில்லை. உதவிக்கு அழைக்கவில்லை.  அந்த நிம்மதி அரை நிமிடம் இருந்தது.

"என்ன புக்கு அது?" என்றார் அத்தான்.

வேன்காரர் புத்தகத்தைத் திறந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அத்தான் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். பென்சில் எழுத்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. முதல் வரி கதை. இரண்டாவது வரியில் இருந்த தலைப்பை அவன் நான்கு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கத்தைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதிய தடித்த புத்தகம். இரவு வேலைக்காரனுக்கு என்று அவள் தேடி எடுத்தது. அவன் அறை ஜன்னலில், கறுப்புத் துணி விலகாமல் இருக்க, கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகியிருந்தான். சரியான தடிமன். வெளிச்சம் ஒரு கோடுகூட வராது.

சீட்டைத் திருப்பிக் கொடுத்தான்.  

"யார்கிட்ட இருக்கு அந்தப் புக்கு?" அத்தான் உதவி நூலகரின் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

"இருக்கு, சார்."

"யாரு?"

"அதச் சொல்லக் கூடாது, சார்."

"என்னது?"

"யார் என்ன புக்கு எடுத்திருக்காங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல. வீட்டு ஆளுங்களுக்கும் சொல்றதில்ல. அக்கா போட்ட விதி."

"நான் என்ன அவன வெட்டவா போறேன்?" அத்தானின் குரல் உடைந்து மேலே போனது. "அந்த ஆளு போன எடுத்திருந்தா, இந்தா கொண்டாறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவ எதுக்கு ஏணில ஏறப் போறா? எனக்கு அவன் பேரு தெரியணும். எழுதிக்கணும். அவ்வளவுதான். செத்தவ போட்ட விதிய எங்கிட்டயே காட்டறியா நீ?"

"மன்னிச்சிக்கங்க, சார். மாட்டேன்."

சொல்லும்போது அவள் அத்தானைப் பார்க்கவில்லை. அறைக்குக் குறுக்கே, சமையலறை வாசலில் துணியும் டம்ளருமாக நின்றவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பரிதாபமாகவும் இல்லை. மேசைக்கு அந்தப்பக்கத்திலிருந்து அடுத்த வாசகரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சரி" என்றார் அத்தான், தாளை மடித்துப் பைக்குள் வைத்தபடி. "ரெண்டாவது பிரதி உள்ள இருக்குதுல்ல? எதுக்காக ஏறினாளோ அத நானே தேடி எடுக்கறேன். இவருக்குக் குடுக்கணும்."

"எனக்கு வேண்டாங்க" என்றார் வேன்காரர்.

"உங்கள யாரு கேட்டா?"

தம்பி அந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

*

மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் அறைக்குப் போனான். கிடங்கிலிருந்து மேற்பார்வையாளர் அழைத்து, இன்று வரவேண்டாம் என்றார். "உங்க அக்காவா? லைப்ரரியா? அய்யோ, எம் பொண்ணுக்கு ரெண்டு ரெண்டா குடுப்பாங்களே, அவங்களா?" அவன் ஆமாம் என்றான்.

கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். புத்தகத்தின் முதுகு அவனைப் பார்த்தபடி இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவளே கெடுவை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதில்லை. போன மாதம் மட்டும் ஒருமுறை, "எவ்வளவு தூரம் வந்திருக்க?" என்றாள். "பாதி." "பாதில என்ன வருது?" "தூக்கம் வருது." அதற்கு அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். மூன்று பேர் திரும்பி 'உஷ்' என்றார்கள்.

எழுந்து புத்தகத்தை இழுத்தான். இறுகியிருந்தது. இரண்டாம் முறை இழுத்ததும் வந்துவிட்டது. துணி ஒரு பக்கமாகச் சரிந்தது. மத்தியான வெளிச்சம் கட்டில்மேல், தலையணைமேல், தண்ணீர்ப் பாட்டில்மேல் விழுந்தது. இந்த அறையை அவன் இந்த வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. இவ்வளவு அழுக்காக இருக்கும் என்று தெரியாது.

அட்டையில் கம்பியின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

நூலகத்தில் ஒரு தாள் ஒட்டி, விடுமுறை என்று எழுதியிருந்தார்கள். காவலாளி அடையாளம் கண்டுகொண்டு கேட்டைத் திறந்தார். உள்ளே மின்விசிறிகள் நின்றிருந்தன. உதவி நூலகர் மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"உங்க அத்தான் உள்ள இருக்கார்" என்றாள் மெதுவாக. "இடுகாட்டுலேருந்து நேரா வந்துட்டார். படிக்கிற கண்ணாடி கூட எடுத்துட்டு வரல, ஒவ்வொரு புக்கா மூக்குக்கிட்ட வச்சுப் பாக்கறார். இப்ப நாலாவது அடுக்குல இருப்பார்."

"எத்தன அடுக்கு?"

"முப்பத்தெட்டு." அவள் மேசைமேல் திறந்து கிடந்த பழைய பேரேட்டை அவன் பக்கம் திருப்பினாள். ஒரு வரியின்மேல் விரல் வைத்தாள். "ரெண்டாவது பிரதின்னு ஒண்ணு இல்லவே இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி கரையான் அரிச்சுத் தள்ளுபடி பண்ணியிருக்கு. கம்ப்யூட்டர்ல மட்டும் எடுக்க மறந்துட்டாங்க. அதனால அதுல இன்னும் ரெண்டுன்னுதான் காட்டுது. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்."

வரியின் முடிவில் தள்ளுபடி செய்தவரின் கையெழுத்து. கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? இல்லாத புக்குக்கு ஏறினாங்கன்னா? தப்பு அவங்களோடதுன்னா?"

 சுவருக்கு அந்தப்பக்கம் ஏதோ நகர்த்தப்படும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"அதக் குடுங்க" என்றாள் அவள், கையை நீட்டி. "வரவுல பதிஞ்சிடறேன். பதிஞ்ச உடனே உங்க பேரு போயிடும். யாரு வச்சிருந்தாங்கன்னு பின்னால யாராலயும் எடுக்க முடியாது. அதுவும் அக்கா கேட்டு வச்ச ஏற்பாடுதான். வேன்காரர்கிட்ட சாயங்காலம் குடுத்துடறேன். திரும்பி வந்துருச்சுன்னு உங்க அத்தான்கிட்டயும் சொல்லிடலாம். வெளியில வந்துடுவார்."

அவள் கை நீண்டபடியே இருந்தது. அவன் புத்தகத்தைப் பார்த்தான். பதினோரு வருடத்தில் இந்த மேசையில் அவன் எத்தனை பொய் வைத்திருக்கிறான் என்று கணக்கில்லை.

"ஜன்னல்ல செருகி வச்சிருந்தேன்" என்றான். "வெளிச்சம் வராம இருக்க. ஒரு பக்கம்கூடப் படிக்கல."

"தெரியும். அக்காவுக்கும் தெரியும். 'எதுக்கோ பயன்படட்டும், தூங்கினாச் சரி'ன்னுதான் நீட்டி விடுவாங்க."

அவன் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். வியர்வை இல்லை.

"உள்ள விடுங்க" என்றான்.

"பதிஞ்சிட்டுப் போங்களேன்."

"வேண்டாம். பேரு இருக்கட்டும்."

அவள் எழுந்தாள். இருவரும் செய்தித்தாள் பகுதியைத் தாண்டி, சின்ன வராந்தாவைத் தாண்டிப் போனார்கள். கதவின் கீழ்ப்பலகை ஈரத்தில் உப்பியிருந்தது. அவள் சாவியைச் செருகினாள். முதல் தடவை திரும்பவில்லை. கையை மாற்றித் திருப்பினாள்.

"பூட்டாம விட்டா நிக்காது" என்றாள்.

"தெரியும்."

"முடிஞ்சதும் தட்டுங்க. நான் எங்கயும் போக மாட்டேன். இங்கயேதான் நிப்பேன்."

உள்ளே நீளமான அறை. ஒற்றை விளக்கு. பழைய தாள் வாசனை. ஏணியை யாரோ சுவரோரம் படுக்கவைத்திருந்தார்கள். அடுக்குகளின் கடைசியில், இடைவெளி வழியாக, ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகும், தரையில் குவித்த புத்தகங்களும் தெரிந்தன.

"யாரு?" என்றார் அத்தான், திரும்பாமல்.

அவன் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி வைத்தான். பின்னால் கதவு சட்டத்தில் உராய்ந்துகொண்டு மூடியது. சாவி ஒரு சுற்று சுற்றி நின்றது.